காதல் என்று சொன்ன அம்னோன்

இளம்பெண்கள் வாசிக்கும் மாயக் கதைகளைக் குறித்து ஒரு பாடம்

வாசிக்க வேண்டிய பகுதி: 2 சாமுவேல் 13:1–22
துணைப் பகுதிகள்: அப்போஸ்தலர் 19:18–19, தானியேல் 1:3–17



இந்த மாதப் பாடத்தின் தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகம் சுளிப்பீர்கள். கதைப் புத்தகத்துக்கெல்லாம் ஒரு வேதபாடமா என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒருமுறைக்கு இருமுறை வாசியுங்கள்.

நம் ஏற்காடு மலையிலே நூறு வருஷத்துக்கு மேலாகவே உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மாண்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கியது 1917-ல். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளும் படிக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் நாலு மணிக்கே பனி இறங்கி, எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன பண்ணுவாங்க? வாசிப்பாங்க. ஒரு புத்தகம் வந்தால் பத்துக் கை மாறும். வேதியியல் புத்தகத்துக்குப் போடுகிற பழுப்பு அட்டையை அதற்கும் போட்டு, மேலே 'வேதியியல்' என்றே எழுதி வைக்கிற சாமர்த்தியமும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. இப்போது கைப்பேசி இருப்பதால் அட்டை போடுகிற வேலையும் மிச்சம்.

அப்படி என்னதான் வாசிக்கிறாங்க? ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெண், பதினாறு பதினேழு வயசு. அவள் வாழ்கிற ஊரிலே மாயம் இருக்கும், மந்திரம் இருக்கும், மனுஷனைப்போல் இருந்தும் மனுஷனல்லாத ஒருவன் இருப்பான். ரத்தக் காட்டேரியாகவோ, ஓநாயாக மாறுகிறவனாகவோ, சாவே இல்லாத ஒரு ராஜகுமாரனாகவோ அவன் வருவான். இவளுக்கு அவன்மேல் காதல். ஆபத்து வரும்போது இவள் அழுதுகொண்டு மூலையில் உட்காருவதில்லை. வில்லையோ வாளையோ எடுத்து எதிர்த்து நிற்பாள். இதுதான் இந்த வகைக் கதைகளின் அச்சு. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்டெஃபனி மேயர் 2005 முதல் 2008 வரை எழுதிய 'ட்விலைட்' என்ற நாலு புத்தகங்கள் உலகமெங்கும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. அதற்குப் பிறகு வந்தவை எண்ணி மாளாது.

இப்போது சபையில் நமக்கு வருகிற முதல் பயம் என்ன? 'பேய், பிசாசு, சூனியக்காரி! ஐயோ, அந்த ஆவி வீட்டுக்குள்ள வந்துடும். கொளுத்திப் போடு!' என்பதுதான். புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஊழியக்காரரிடம் ஓடிவந்த தாய்மார்களும் உண்டு. அவர்கள் பாரத்தைக் குறைவாக எண்ண வேண்டாம். ஆனால் வேதம் என்ன சொல்லுகிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

எபேசுவிலே புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள், மெய்தான். அவற்றின் கிரயம் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. இரண்டு காரியங்களை அங்கே கவனியுங்கள். ஒன்று, அவை மாயவித்தை செய்கிறவர்கள் தொழிலுக்கு வைத்திருந்த புத்தகங்கள், கதைகள் அல்ல. இரண்டு, வைத்திருந்தவர்களே மனமுவந்து கொண்டுவந்து எரித்தார்கள். பவுல் வீடு வீடாகப் போய் அடுத்தவனுடைய புத்தகத்தைப் பிடுங்கவில்லை. தானியேலை எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் வாலிபன்தான், அவனும் வீட்டைவிட்டு அந்நிய ஊரிலே தங்கிப் படித்தவன்தான். கல்தேயருடைய எழுத்து முழுவதையும் கற்றான். ராஜாவின் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னவன் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தோரிலிருந்த அஞ்சனக்காரியின் கதை எங்கே இருக்கிறது? 1 சாமுவேல் 28-ல், நம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது! ஒரு காரியத்தைக் கதையாகச் சொல்வது வேறு, அதைச் செய்வது வேறு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் ராத்திரி நாணயத்தை வைத்துக்கொண்டு 'ஆவி கூப்பிடுகிற' விளையாட்டு, மந்திரம் சொல்லிப் பார்க்கிற புத்தகம், இதெல்லாம் வாசிப்பு அல்ல. அது செய்கை. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இதற்குமேல் இந்தப் பேய்ப் பயத்தைப்பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. இந்தப் புத்தகங்களில் நாம் பயப்பட வேண்டியது காட்டேரியின் பல்லுக்கு அல்ல. அந்தப் பல் கதையோடு போய்விடும். கதை முடிந்தபின்னும் பிள்ளையின் மனதிலே தங்குகிற வேறொன்று இருக்கிறது.

'ட்விலைட்' கதையையே பாருங்கள். பெல்லா என்ற பெண்ணுக்குப் பதினேழு வயசு. மழையும் பனியும் விடாத ஒரு சின்ன ஊருக்கு அவள் வருகிறாள். (நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று இப்போது புரிகிறதா? ஜன்னலைத் திறந்தால் அதே பனி!) பள்ளியிலே எட்வர்ட் என்ற ஒருவன். பார்க்கப் பதினேழு, உண்மையில் நூறைத் தாண்டினவன். உன் ரத்தத்தின் வாசனை எனக்குத் தாங்கவில்லை, நான் உனக்கு ஆபத்தானவன் என்று அவனே சொல்கிறான். அவளுக்குத் தெரியாமல் ராத்திரியில் அவள் அறைக்குள் நுழைந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் புத்தகத்தில், அவள் தன் சிநேகிதனைப் பார்க்கப் போகக் கூடாது என்று அவள் வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றி வைத்துவிடுகிறான். இதெல்லாம் கதையிலே அவன் அன்புக்கு அடையாளமாக வருகிறது.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இந்தக் கதையில் கலியாணத்துக்கு முன்னே இருவரும் எல்லை தாண்டுவதில்லை. அதில் உறுதியாய் நிற்பவன் எட்வர்ட்தான். அதனால் எத்தனையோ விசுவாசக் குடும்பங்களில், 'அசிங்கம் ஒண்ணும் இல்லையே, படிச்சா படிச்சுட்டுப் போகட்டும்' என்று விட்டுவிட்டார்கள். பெற்றோராகிய நாம் பார்ப்பது அந்த ஒரு கோட்டை மட்டும்தான். அவன் ஜன்னல் வழியாக ஏறி வந்தது நம் கணக்கில் வரவில்லை. அவள் யாரைப் பார்க்கலாம், எங்கே போகலாம் என்று அவன் தீர்மானித்ததும் வரவில்லை.

சினிமா பார்த்து வளர்ந்த நாமும் இதிலே சும்மா இருந்தவர்கள் அல்ல. பெண் வேண்டாம் என்று சொல்லியும் தெருத்தெருவாய்ப் பின்னாலேயே வருகிறவனைத்தானே எத்தனையோ தமிழ்ப் படங்கள் கதாநாயகன் என்று காட்டின? இரட்சிக்கப்படுமுன் கைதட்டிப் பார்த்தவர்கள், இன்றைக்கு மகளின் புத்தகத்தைப் பிடுங்கும்போது அதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சினிமா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு ரோட்டில் வரும்போது, மலை ஏறுவதற்கு முன்னாலேயே ஒரு பழைய வளைவு நிற்கும். டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு அது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது. அந்தக் கம்பெனி 1950-ல் 'மந்திரி குமாரி' என்று ஒரு படம் எடுத்தது. வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அமுதவல்லி என்ற மந்திரி மகள், பார்த்திபன் என்ற ராஜகுருவின் மகனைக் காதலித்து மணக்கிறாள். ராத்திரியானால் அவன் கொள்ளைக்காரன். அவளைத் தீர்த்துக்கட்ட ஆசை வார்த்தை பேசி மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறான். பாட்டெல்லாம் பாடித்தான் கூட்டிப்போகிறான்! உச்சிக்குப் போனதும் உள்ளதைச் சொல்கிறான். சாகுமுன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன் என்று அவள் கேட்கிறாள். வலம் வருகிற சாக்கில் பின்னால் போய், அவனைப் பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள்.

கருணாநிதி இதைப் புதிதாகக் கற்பனை பண்ணவில்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை அது. அந்தக் காப்பியம் முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் மிஞ்சின. கதை மட்டும் பௌத்த நூல்கள் வழியாகவும் உரைகள் வழியாகவும் தங்கியிருக்கிறது. பணக்கார வணிகனின் மகள், கொலைக்களத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற ஒரு திருடனை மாடத்திலிருந்து பார்த்து மனதைப் பறிகொடுக்கிறாள். தகப்பன் பணத்தைச் செலவழித்து அவனை மீட்டு மகளுக்குக் கட்டிவைக்கிறான். அவளுக்கோ, என் அன்பு இவனை மாற்றிவிடும் என்ற நினைப்பு. கடைசியில் அவளை மலைமேல் கொண்டுபோய் நிறுத்துகிறவன் அவனேதான்.

பார்த்தீர்களா! ஆபத்தானவன்மேல் ஆசைப்படுகிற பெண்ணின் கதை அமெரிக்காவிலிருந்து இறங்கினதல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னமே தமிழில் அது இருந்தது. ஆனால் முடிவு வேறு. இப்போதைய கதையில் அவள் அன்பினாலே காட்டேரி நல்லவனாகிறான். பழைய கதையில் திருடன் திருடனாகவே இருக்கிறான். மாறுகிறவள் அவள்தான், கண் திறக்கிறவள் அவள்தான். எது உண்மைக்குக் கிட்ட இருக்கிறது என்று, வாழ்க்கையில் அடிபட்ட எந்தச் சகோதரியிடமும் கேட்டுப் பாருங்கள். தள்ளிவிடுவதற்கு நான் சம்மதம் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்! மலையுச்சிவரைக்கும் போகாமல் பாதிவழியிலேயே திரும்பி வந்துவிட ஒரு பெண்ணுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு மாயக் கதைதான் வேண்டுமென்றால், அதுவும் தமிழில் இருக்கிறது. உ. வே. சாமிநாத ஐயர் 1898-ல் அச்சில் கொண்டுவந்த மணிமேகலை. அது பௌத்தக் காப்பியம், நம் விசுவாசத்தின் நூல் அல்ல. ஆனாலும் தமிழ் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளியிலேயே அறிமுகமாகிற நூல். அதிலே வருகிறவளும் இளம்பெண். உதயகுமாரன் என்ற சோழ ராஜகுமாரன் அவளை விரும்பித் துரத்துகிறான். பூந்தோட்டத்திலே பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிகிறாள். ஒரு தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. வானத்தில் பறக்கவும், வேறு உருவம் எடுக்கவும், பசியைத் தாங்கவும் மந்திரம் கிடைக்கிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரமும் கிடைக்கிறது. இன்றைய ஆங்கில நாவல்காரிகள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்!

எனக்கு அதிலே முக்கியமாகப் படுவது பறப்பதும் அல்ல, பாத்திரமும் அல்ல. அவள் மனசும் அவன் பக்கம் சாய்கிறது. கதைப்படி முற்பிறப்பில் அவன் அவளுக்குக் கணவன். அவன் வெட்டுண்டு கிடந்தபோது அவள் அழுகிறாள். மனசு சாய்ந்தும் கால் அவன் பின்னே போகவில்லை. தான் எதற்காக இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பசித்தவர்களுக்குச் சோறு போட்டாள், ராஜாவிடம் பேசிச் சிறைச்சாலையையே அறக்கோட்டமாக மாற்றவைத்தாள். மறுபிறப்பை நாம் நம்புகிறதில்லை. ஆனால் ஆசை இருந்தும் பின்னே போகாமல் நிற்கிற பெண் எப்படியிருப்பாள் என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது வேதத்துக்கு வருவோம். 2 சாமுவேல் 13-ஐத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சபையிலே பிரசங்கத்துக்கு எடுக்க எல்லாரும் கூச்சப்படுகிற அதிகாரம் இது. அதனாலேயே நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போன அதிகாரம்.

தாவீதின் குமாரன் அம்னோன். தாமார் அவனுடைய தகப்பன்வழிச் சகோதரி, அப்சலோமின் கூடப்பிறந்தவள். அம்னோன் அவள்மேல் மோகங்கொண்டான். ஏக்கத்தால் வியாதிப்படுகிற அளவுக்கு உருகினான். நாவலாக இருந்தால், எப்பேர்ப்பட்ட காதல் என்று வாசிக்கிறவர்கள் நெஞ்சு இளகும்! யோனதாப் என்ற சிநேகிதன் யோசனை சொல்லிக்கொடுக்கிறான். வியாதி என்று படுத்துக்கொள், அவள் கையால் சாப்பிட வேண்டும் என்று ராஜாவிடம் கேள். தாவீதும் மகளை அனுப்புகிறான். அவள் மாவைப் பிசைந்து அவன் கண்முன்பாகப் பணியாரம் சுட்டாள். அவனோ எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளைப் பிடித்தான்.

தாமார் என்ன செய்தாள் என்று வசனம் வசனமாகப் பாருங்கள். அவள் மயங்கி விழவில்லை. வேண்டாம் என்றாள். இஸ்ரவேலில் இப்படிச் செய்யத்தகாது என்றாள். என் வெட்கத்தோடு நான் எங்கே போவேன் என்று கேட்டாள். உன் பேரும் கெட்டுப்போகும் என்று அவனுக்கும் சேர்த்து யோசித்தாள். ராஜாவிடம் பேசு என்று வழியும் காட்டினாள். பலவந்தம் நடக்கப்போகிற நேரத்தில் இவ்வளவு தெளிவாய்ப் பேசுகிறவள் பலவீனமான பெண்ணா? கையில் வில் இல்லை, அவ்வளவுதான். அவனோ அவள் சொல்லைக் கேட்க மனதில்லாமல் அவளைப் பலவந்தப்படுத்தினான். அதற்குப் பின்னே நடந்ததை எந்தக் காதல் நாவலும் எழுதுவதில்லை. அவன் அவளை வெறுத்தான். முன்னே விரும்பினதைக் காட்டிலும் அதிகமாய் வெறுத்தான் என்று வேதம் சொல்லுகிறது. வேலைக்காரனைக் கூப்பிட்டு, அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொன்னான். அவள் பேரைக்கூடச் சொல்லவில்லை.

இருபது வருஷமாய் இந்த அதிகாரத்தை வாசிக்கிறேன். முதலில் அம்னோன்மேல்தான் கோபம் வந்தது. இப்போது மற்ற இரண்டு பேர்மேல் அதிகமாய் வருகிறது. தாவீது கேள்விப்பட்டான், மிகவும் கோபப்பட்டான். அப்புறம்? அப்புறம் ஒன்றும் இல்லை. அம்னோனை அவன் தண்டித்ததாக அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. கோலியாத்தை விழத்தள்ளினவன் தன் வீட்டிலே வாய் திறக்கவில்லை. அப்சலோம் என்ன சொன்னான்? சும்மாயிரு, அவன் உன் அண்ணன், மனதிலே வைக்காதே என்றான். இரண்டு வருஷம் மனதுக்குள்ளேயே வைத்திருந்து, ஒருநாள் அம்னோனைக் கொன்றான். பழி தீர்ந்தது. தாமாருக்கு என்ன கிடைத்தது? அண்ணன் வீட்டிலே தனித்துக் கிடந்தாள். அதோடு அவள் கதை நின்றுவிடுகிறது.

இந்த நாவல்களில் எனக்குப் பெரிய குறையாய்த் தெரிவது இந்த இடம்தான். கதாநாயகிக்குப் பலம் கொடுத்தார்கள், வாள் கொடுத்தார்கள், வீட்டைக் கொடுக்கவில்லை. அம்மா ஒன்றும் தெரியாதவள், அப்பா செத்துப்போனவர், அல்லது கண்டுகொள்ளாதவர். எல்லாவற்றையும் அந்தப் பெண் தனியாகவே சமாளிக்க வேண்டும். சூசன் காலின்ஸ் 2008-ல் எழுதிய 'ஹங்கர் கேம்ஸ்' கதையின் காட்னிஸ் அப்படித்தான். சுரங்கத்தில் அப்பா இறந்தபின் பதினாறு வயசிலே வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறாள், தங்கைக்குப் பதிலாகத் தானே சாவு விளையாட்டுக்கு முன்வருகிறாள். அதை நல்ல புத்தகம் என்றே நான் சொல்வேன். அதில் காதலைவிட தங்கைமேல் இருக்கிற பாசம்தான் பெரிசு. ஆனால் அதை வாசித்துவிட்டு ஒரு பிள்ளை, 'நானே பார்த்துக்கிறேன், வீட்ல சொல்ல வேணாம்' என்று முடிவுகட்டினால் என்ன ஆகும்? அவ்வளவு தெளிவாய்ப் பேசின தாமாராலேயே தனியாய்த் தப்பமுடியவில்லையே!

பெற்றோருக்கு இன்னொரு எச்சரிப்பு. சாரா ஜே. மாஸ் என்பவர் 2015 முதல் எழுதிவருகிற 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' வரிசை முதலில் இளையோர் அலமாரியில்தான் வைக்கப்பட்டது. பிற்பாடு பெரியவர்களுக்கானது என்று மாற்றினார்கள். படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். ஆனால் நியாயமாய்ப் பேச வேண்டுமல்லவா? முதல் புத்தகத்தில் அவள் உயிரைக் கொடுத்துக் காதலித்தவன், இரண்டாம் புத்தகத்தில் பாதுகாப்பு என்று சொல்லி அவளை வீட்டுக்குள் பூட்டுகிறான். அது அன்பல்ல என்று அந்தக் கதையே சொல்லுகிறது, அவளும் அவனை விட்டுப் போய்விடுகிறாள். 'ட்விலைட்' சொல்லாததை இது சொல்லிவிட்டது. அட்டையைப் பார்த்து ஒரே கூடையில் போடாதீர்கள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தமிழிலே இப்போது கைப்பேசியில் வருகிற தொடர்கதைகளில் 'ஆன்ட்டி ஹீரோ' என்றே ஒரு வகை இருக்கிறது. அடிப்பான், கடத்துவான், கட்டாயத் தாலி கட்டுவான். நாற்பதாவது அத்தியாயத்தில் அவள் அவனைக் காதலிப்பாள். பேயும் இல்லை, மந்திரமும் இல்லை என்பதால் அம்மாக்களும் சேர்ந்து வாசிக்கிறாங்க. ரத்தக் காட்டேரியைவிட இது எனக்கு அதிகப் பயமாயிருக்கிறது. காட்டேரி இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும். இவன் பக்கத்துத் தெருவிலே இருக்கிறானே!

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாய்ச் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், அவளுடைய கைப்பேசிப் பேச்சு, செய்திகளை வேவு பார்ப்பதும் 2013 முதல் இந்தியாவில் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவு. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181. இதைச் சபை அறிவிப்புப் பலகையில் எழுதிப்போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சரி, வீட்டிலே என்ன செய்வது? பிடுங்கினால் அட்டை மாற்றிப் படிப்பாங்க. பிடுங்கின வீட்டிலே பிள்ளை புத்தகத்தை மட்டும் மறைப்பதில்லை. நாளைக்கு ஒருவன் பின்னாலே வந்தால் அதையும் மறைக்கும். அதனால் உட்கார்ந்து கதையைக் கேளுங்கள். 'என்னம்மா கதை, யார் அந்தப் பையன்?' என்று சாதாரணமாய்க் கேளுங்கள். அவள் ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் இட்லி ஊற்றும்போது கேளுங்கள். பேச ஆரம்பித்தால் நடுவிலே பிரசங்கம் பண்ணாதீர்கள்! அவள் முடித்தபின் ஒரு கேள்வி போதும்: அவள் வேண்டாம்னு சொன்னப்போ அவன் என்ன பண்ணினான்? இன்னொரு நாள் வேறொரு கேள்வி: அவன் வந்தபிறகு அவளுக்குச் சிநேகிதிகள் கூடினாங்களா, குறைஞ்சாங்களா? அவன் செய்ததை அவள் யாரிடமாவது சொல்ல முடிஞ்சுதா? பதிலைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நம்மைவிடப் புத்திசாலிகள், கண்டுபிடிப்பாங்க.

தகப்பன்மாரே, இதைத் தாய்மார் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். தாவீதின் வீட்டிலே தகப்பன்தான் மௌனமாயிருந்தான். ஆண் பிள்ளைகளோடும் 2 சாமுவேல் 13-ஐ வாசியுங்கள். யோனதாப் யார் என்று கேளுங்கள். வகுப்பிலே, பஸ் ஸ்டாண்டிலே, வாட்ஸ்அப் குழுவிலே யோசனை சொல்லிக்கொடுக்கிற அந்தச் சிநேகிதனை நம் பையன்களுக்கு நன்றாகவே தெரியும். சில நேரம் அது நம் பையனாகவே இருப்பான்.

அடுத்த மாதப் பாடம்: ரூத் 3, 4 அதிகாரங்கள். அங்கேயும் ராத்திரிதான், அங்கேயும் தனியாய் ஒரு பெண்தான். வாசித்து, மூன்று காரியங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: களத்திலே அவளைக் கண்டதும் போவாஸ் முதலில் என்ன கேட்டான், விடிவதற்குள் அவள் பேருக்குக் கெடுதி வராதபடி என்ன செய்தான், பட்டணத்து வாசலிலே எத்தனை மூப்பர்களை உட்காரவைத்துப் பேசினான். இந்த முறை வாலிபப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே வகுப்பில் உட்காருவோம்.